அழுகை வீட்டுக்கு ஒரு கட்டு விறகு

பெத்தானியா பெண்கள் விடுதிப் பள்ளி
22 மார்ச் 1997

அன்புள்ள தெம்வா,

உன் தந்தையார் திரு. வெட்சன் கும்வெண்டா அவர்களின் மறைவுக்குப் பள்ளியின் கிராம ஊழியக் குழு சார்பில் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன். பாடற்குழு ஏறி நிற்கும் பலகைகளைச் செய்து தந்தவர் அவர் என்பதைப் பள்ளி என்றும் மறவாது. தங்கள் குடும்பத்தாருக்காக ஜெபிக்கிறோம்.

மேலே உள்ளதைத் தலைமையம்மா படித்துவிட்டுத் தலையாட்டினார். குழுச் செயலாளர் எழுத வேண்டியது அவ்வளவுதானாம். அவர் போன பிறகு இந்தத் தாளின் மீதி இடத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இனி எழுதுவது செயலாளர் இல்லை, மேல் கட்டில்காரி.

தெம்வா, எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். ம்சூசுவில் பாட்டுப் போட்டி முடிந்து பஸ் வாசலில் வந்து நின்றபோது காவல்காரர் சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேடயத்தை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கத்திக்கொண்டு வந்தோம். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை ஆற்றில் வெள்ளம். செவ்வாய் அன்று தலைமையம்மா அனுமதி தரவில்லை. அதற்குப் பிறகு எனக்கே கால் வரவில்லை. மார்ச் முதல் தேதி உன் வீட்டு முற்றத்தில் எல்லார் முன்னாலும் நீ என்னைக் கேட்ட கேள்விக்கு அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அந்தப் பாட்டை நாங்கள் அங்கே பாடியிருக்கக் கூடாது. அவ்வளவு மட்டும் சொல்கிறேன்.

உன் கட்டிலை யாருக்கும் தரவில்லை. முதல் படிவத்துப் பிள்ளை ஒருத்தி பெட்டியோடு வந்து நின்றாள். "இது ஆள் உள்ள கட்டில், போடி" என்று விரட்டிவிட்டேன். பரீட்சைக்குப் பெயர் கொடுக்க மே ஐந்தாம் தேதி கடைசி. வந்துவிடு.

மலும்போ

*

சிவிந்து
2 ஏப்ரல் 1997

செயலாளர் அம்மாவுக்கு,

உங்கள் இரங்கல் கடிதம் கிடைத்தது. முத்திரை ஒன்றுதான் குறைச்சல். "தங்கள் குடும்பத்தாருக்காக" என்று என்னை எழுதியிருக்கிறாய். எத்தனை நாள் ஒரே தட்டில் பீன்ஸ் தின்றோம், நான் எப்போது "தங்கள்" ஆனேன்?

உனக்குத் தெரியாது என்கிறாய். சரி, தெரியாதவளுக்குச் சொல்கிறேன்.

முதல் தேதி சனிக்கிழமை காலை ஜெபத்துக்கு எழாமல் தூங்கிப்போனேன் என்று எனக்குப் பானை தேய்க்கும் தண்டனை. அதனால் நீங்கள் முப்பது பேர் என் வீட்டுக்குப் போனீர்கள், நான் போகவில்லை. அப்பாவை ஊழியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி உன்னிடம் கெஞ்சியவள் நான்தான். காலெல்லாம் வீங்கிப் பாயோடு கிடக்கிற மனுசன், பாட்டென்றால் உயிர், நாலு பாட்டுப் பாடிவிட்டு வாருங்கள் என்றேன். நாலு பாட்டில் ஒன்றாக அதைப் பாடுவாய் என்று யார் கண்டது? சவப்பெட்டி வாசற்படி தாண்டும்போது மட்டும் பாடுகிற பாட்டு அது. நம் சனத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைக் கேட்டால் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு விறகை எடுத்துக்கொண்டு, பாட்டு வந்த திசையில் நடக்க வேண்டும். சிவிந்து முழுக்க அப்படித்தான் நடந்தது. மூப்பர் ஹராவா கோயில் மரத்தில் மணியாகத் தொங்கும் சக்கர இரும்பை அடித்தார். பானைக் கரியோடு நான் மலையிலிருந்து ஓடி வந்தேன். வந்து பார்த்தால் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, விறகோடு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"கொண்டாந்தத வெச்சிட்டுப் போங்க. கூடிய சீக்கிரம் வேணும்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னார். அவர்களுக்கு முகம் செத்துப்போயிற்று. ஒருத்தர் விடாமல் விறகைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அழுகை வீட்டில் வைத்த விறகைத் திரும்ப எடுத்து நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

அன்றிலிருந்து நான் அவரோடு வீட்டிலேயே தங்கிவிட்டேன். பதின்மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை விடியும்போது அப்பா போனார். கொட்டு கொட்டென்று மழை. அம்மா அலறியது கூரைச் சத்தத்தில் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் வீடு வீடாகப் போனேன்.

"மறுபடியுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ரெண்டு வாரம் முந்தியும்தான் செத்தாரு. எந்திரிச்சு உக்காந்து நக்கல் பண்ணாரு" என்றான் அவள் புருசன். "மழ விடட்டும், வந்து பாக்கறோம். அதுவரைக்கும் உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள வெச்சு இன்னொரு பாட்டு பாடு."

மூப்பர் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம். பிற்பகல் மூன்று மணிக்கு மழை விட்ட பிறகுதான் நாலு பேர் வந்தார்கள். அதுவரை உடம்பைப் போட்டு வைக்க முடியாதே. ஆம்பளையைக் குளிப்பாட்டுவது ஆம்பளைகள் வேலை. நானும் அம்மாவும் குளிப்பாட்டினோம். நான் தண்ணீர் ஊற்றினேன், மலும்போ. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். பாதி வெளியே போயிற்று.

இதை உன் குழுவின் குறிப்பேட்டில் எழுதிக்கொள்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பாட்டை ஏன் பாடினாய்? போட்டிக்கு அந்தப் பாட்டுதானே எடுத்திருந்தீர்கள். பழகிப் பார்க்க என் அப்பாதான் கிடைத்தாரா?

தெம்வா

*

பெத்தானியா
9 ஏப்ரல் 1997

தெம்வா,

உன் கடிதத்தைக் கழிப்பறைக்குப் பின்னால் வைத்துப் படித்தேன். வேறு எங்கேயும் தனியாக இருக்க முடியாது, உனக்குத் தெரியும். படித்து முடித்து விவாத மன்றத்துக்குப் போனேன். பேச எழுந்து நின்று, தலைப்பையே மறந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பழகிப் பார்க்கத்தானா என்று கேட்கிறாய். இல்லை என்று முழுசாகச் சொல்ல மாட்டேன். சவூலா சார் அந்தப் பாட்டை நான்கு குரலில் பிரித்துக் கொடுத்ததிலிருந்து எங்களுக்கு அதே பைத்தியம். பல் தேய்க்கும்போதும் அதுதான். வாய்ப்புக் கிடைத்தபோது மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு இல்லை. அதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மழுப்புகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் எனக்கு இப்போதும் புரியவில்லை. வெறும் பெண் பிள்ளைகள் பாடியிருந்தால் ஊர் நம்பியிருக்காது, பள்ளிக்கூடம் பாடுகிறது என்று சும்மா இருந்திருக்கும். அடிக்குரல் கேட்டதால்தான் வந்தார்கள். ஆம்பளைக் குரல் சேர்ந்துவிட்டது, ஆகவே நிஜச் சாவு என்று நினைத்தார்கள். அது யார் குரல் என்று சிவிந்துவில் ஒருவருக்குமா தெரியவில்லை? முப்பது வருசம் அவர்கள் கோயிலில் பாடிய குரல்.

இங்கே ஊழியம் தொடர்கிறது. ஆனால் இனிமேல் பாட்டுக் கிடையாது என்று தலைமையம்மா சொல்லிவிட்டார். "கையில துடைப்பம், வாயில பூட்டு" என்று அவரே சொன்னார். போன சனிக்கிழமை ஒரு கிழவரின் வீட்டுச் சுவருக்கு மண் பூசினோம். முடித்ததும் அவர் முற்றத்தில் வந்து உட்கார்ந்து, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். பாட மாட்டோம் என்றதும், "அப்ப சுவருக்காகவா இவ்ளோ பேர் வந்தீங்க?" என்று உள்ளே போய்விட்டார்.

கேடயத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். நான் அதற்கு முதுகு காட்டி உட்காருகிறேன். கணக்கு சாரிடம் உன் நோட்டுகளை வாங்கி வைத்திருக்கிறேன், விட்டுப்போன பாடங்களை நானே எழுதித் தருகிறேன். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பாய், பொறுத்துக்கொள். மே ஐந்து, தெம்வா. நீ தாதியாகப் படிக்கப் போகிறவள், நினைவிருக்கட்டும்.

மலும்போ

*

சிவிந்து
20 ஏப்ரல் 1997

மலும்போ,

அண்ணன் வூகானி வந்திருந்தான். முதல் தடவை மணி அடித்தபோதே யாரோ தியோலோவில் அவன் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். இரண்டு நாள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான். வந்தால் அப்பா உட்கார்ந்து கப்பைக்கிழங்குக் களி தின்கிறார். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. "உங்க விளையாட்டுக்கு நா ஆளில்ல" என்று மறுநாளே போய்விட்டான். அப்பா நிஜமாகப் போனபோது போன் பண்ணினோம். "பாட்டா, சாவா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டான். மூப்பர் தன் பேரில் தந்தி கொடுத்த பிறகுதான் கிளம்பினான். புதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. மேட்டின் மேல் கவிழ்ந்து படுத்து மண்ணைக் கையால் தோண்டினான். இழுத்து வந்தோம்.

அவன் என்னோடு வா என்கிறான். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீ அனுப்பிய கணக்கு நோட்டைப் பார்த்தேன். கோழி பரவாயில்லை, இது பன்றி.

என் கட்டிலை நினைத்தால் வரத்தான் ஆசையாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கேட்கிறேன். கேட்காமல் வந்து உனக்குக் கீழே படுக்க முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஊர் நம்பாதபோது எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. பள்ளிக்கூடத்து உடுப்பில் நீங்கள் நாலு பேர் பாடாமல் இறங்கி வந்தால் போதும், ஊர் நம்பிவிடும். பள்ளி வாசலில் மண்டாசிப் பணியாரம் விற்கிற நியாலுஹங்கா மழையிலும் மலையேறுவாள். அவளிடம் உனக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பினேன். "அப்பா போய்விட்டார். யாரும் நம்பவில்லை. வா" என்று எழுதினேன்.

உன் கையிலேயே கொடுத்ததாக அவள் சத்தியம் பண்ணுகிறாள். நீ ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும் என்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா அவளைத் திட்டிவிட்டார்கள். "எம் புருசன் சாவ மண்டாசிக் கூடையில போட்டுட்டு மறந்துட்டியா?" என்று சந்தையில் வைத்தே கேட்டுவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு போனாள். அதிலிருந்து பாதிப் பேர் அவளிடம் வாங்குவதில்லை.

யார் பொய் சொல்கிறீர்கள்?

தெம்வா

*

பெத்தானியா
1 மே 1997

தெம்வா,

நான்தான்.

நியாலுஹங்கா என் கையில்தான் கொடுத்தாள். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், மழையில் பாதை அடைபடும் முன் போக வேண்டும் என்று. அவள் முழுக்க நனைந்திருந்தாள், தாள் மட்டும் நனையாமல் மார்புத் துணிக்குள் வைத்திருந்தாள். நின்றபடியே படித்தேன். "என்ன சொல்ல?" என்று கேட்டாள். "நா பாத்துக்கறேன்" என்றேன். தாளை நாலாக மடித்துப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

ஏன் என்று நீ கேட்பாய், நானும் என்னைத் தினமும் கேட்கிறேன். தலைமையம்மாவிடம் சொன்னால் முதல் குரல்காரியான என்னை அனுப்பிவிட்டுப் போட்டிக்குப் போக முடியாது, எல்லாரும் இறங்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். ஆறு மாதம் பழகிய பாட்டு. "யாரும் நம்பவில்லை" என்ற வரியைப் படித்தேன், ஆனால் அது எனக்கு உறைக்கவில்லை. நம் ஊரில் எந்த வீட்டையாவது தனியாக அழ விட்டிருக்கிறார்களா? என்னைப் போல முப்பது பேர் இந்நேரம் அங்கே இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை போய் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதால் போதும் என்று நினைத்தேன். ம்சூசு மேடையில் அதே பாட்டைப் பாடும்போது தாள் தொடையில் உரசிக்கொண்டிருந்தது. நன்றாகப் பாடினேன், தெம்வா. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நியாலுஹங்காவிடம் நேற்று வாசலில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள், "எங்கிட்ட எதுக்கு? அந்த வீட்டுக்குப் போய்க் கேளு" என்றாள். மண்டாசி தரவில்லை.

இனி அந்தக் கேள்வி. உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், உடைக்கிறேன். பாட்டைக் கேட்டது அவர்தான். மூன்று பாட்டு முடிந்ததும், "போட்டிக்குன்னு என்னமோ பழகறீங்களாமே, அதப் பாடுங்க" என்றார். அது வேண்டாம் ஐயா, அது புறப்படும்போது பாடுவது என்றேன்.

"எம் பாட்ட நா கேக்காம வேற யாரு கேப்பா? அன்னைக்கு நா பெட்டிக்குள்ள இருப்பேன், நீங்க ராகத்த கொலையே பண்ணாலும் எந்திரிச்சுத் திட்ட முடியாது" என்றார். பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டோம். "பலக நா இழைச்சது. அது மேல நின்னு பாடப் போற பாட்ட ஒரு தடவையாச்சும் கேக்கறேன்" என்றார்.

தொடங்கினோம். இரண்டாவது அடியில், "அடிக்குரல் இல்லாம இதென்ன பாட்டு?" என்று அவரே சேர்ந்துகொண்டார். அந்த வீங்கின உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ தெரியவில்லை. கடைசி அடி வரை விடவில்லை. வெளியே மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவே இல்லை.

நீ ஓடி வருவதற்கு முன் என் மணிக்கட்டைப் பிடித்து, "நாந்தான் கேட்டேன்னு எம் மககிட்ட சொல்லாத. அவ இன்னும் ம்சூசு ஆஸ்பத்திரி, ம்சூசு ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டிருக்கா. நா மூட்டையக் கட்டிட்டேன்னு தெரிஞ்சா ஒடஞ்சிருவா" என்றார். அதனால்தான் நீ கேட்டபோது வாய் திறக்கவில்லை.

பாட்டுக்கு என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். தாளுக்குக் கேட்கிறேன். கேட்கத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. மே ஐந்துக்கு இன்னும் நாலு நாள்.

மலும்போ

*

சிவிந்து
18 மே 1997

மலும்போ,

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. ஐந்தாம் தேதி வந்திருந்தாலும் நான் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் பெட்டியில் துணி எடுத்து வைத்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டைக் கேட்டது அப்பா என்று எனக்குத் தெரியும். போவதற்கு இரண்டு நாள் முன்பு அவரே சொன்னார். "அந்தப் புள்ளய வையாத, வாயத் தொறக்க வேணாம்னு நாந்தான் சொன்னேன்" என்றார். கோயில் சனத்துக்கும் சொல்லிவிடு என்றார். நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் சாவை வரவழைத்தார்கள் என்று ஊர் பேசியபோது, தெரிந்துகொண்டே பேச விட்டேன். உன் மேல் கோபப்பட எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. நீ வராததற்கான கோபம் அது. தாள் கிடைத்ததா என்று தெரியாததால் அதைப் பாட்டின் மேல் கொட்டினேன். நான் வாய் திறந்து, அவரே ஆசையாகக் கேட்டார், அடிக்குரலும் அவருடையதுதான் என்று ஊருக்கு அன்றே சொல்லியிருந்தால், அவர்கள் கோபம் ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை மழையிலும் வந்திருப்பார்கள். அப்பாவைக் குளிப்பாட்ட ஆம்பளைகள் இருந்திருப்பார்கள். ஆகவே அதில் என் பங்கும் இருக்கிறது. இதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பாட்டுக்கு மன்னிக்க ஒன்றும் இல்லை. தாளுக்கு என்னால் இப்போது முடியவில்லை. பின்னால் முடியுமா என்று கேட்காதே.

கட்டிலை அந்த முதல் படிவத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு.

நீ இதுவரை மூன்று தாள் அனுப்பியிருக்கிறாய். அழுகை வீட்டுக்கு யாரும் தாளோடு வருவதில்லை. விறகோடு வருவார்கள். நீ இன்னும் வரவில்லை.

தெம்வா

*

பெத்தானியா
15 மார்ச் 1998

அன்புள்ள தெம்வா,

இதைத் தியோலோவுக்கு எழுதுகிறேன். விலாசம் அம்மா கொடுத்தார்கள்.

பத்து மாதம் ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அதுவும் ஒரு தாள் என்பாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊழியத்துக்கு வேறு வேறு கிராமத்தைப் பட்டியலில் போட்டுக்கொண்டிருந்தேன். சிவிந்துவின் முறை வரும் வாரம் எனக்குத் தலைவலி வரும். வயிற்றுவலியும் வரும். போன வாரம் நாட்காட்டியைப் பார்த்தேன். பதினான்காம் தேதி, சனிக்கிழமை. சவூலா சாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் பள்ளிக்குப் பின்னால் போய் ஒரு கட்டு விறகு வெட்டினேன். மூன்று நாள் அடுப்படியில் காய வைத்தேன், ஈர விறகை எடுத்துக்கொண்டு வர எனக்கு மனசில்லை. நேற்றுக் காலை தலையில் வைத்துக்கொண்டு தனியாக இறங்கினேன்.

ஆற்றோரம் துணி துவைத்தவர்கள் பார்த்தார்கள். "பள்ளிக்கூடத்துப் பொண்ணே, யாரு செத்தா? நீ இன்னும் பாடவே இல்லியே!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். விறகைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிசம் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், நின்றேன்.

அம்மா தனியாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள், விறகைப் பார்த்தார்கள். மண்டியிட்டு வணக்கம் சொல்லி, "ஒரு வருசம் தாமதமா வந்திருக்கேன் அம்மா" என்றேன்.

"யாரப் பாக்க வந்த? தெம்வா போய் ஒரு மாசம் ஆச்சு. அண்ணங்கூடத் தோட்டத்துக்குப் போயிட்டா. இலை நிறுக்கற எடத்துல எழுதற வேலையாம்" என்றார்கள்.

தலையில் இருந்த விறகோடு அப்படியே நின்றேன். அவர்களே எழுந்து வந்து இறக்கினார்கள். கணுவைத் தட்டிப் பார்த்தார்கள். "காஞ்சதாத்தான் கொண்டாந்திருக்க" என்றார்கள்.

அந்த விறகிலேயே கப்பைக் களி கிண்டி, உசிப்பா மீனைத் தக்காளியில் வேகவைத்துப் போட்டார்கள். தாள் விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ முன்பே சொல்லிவிட்டிருந்தாயாம். அப்பாதான் பாட்டைக் கேட்டார் என்பதை நீ சொல்லாமல் இருந்ததையும் போவதற்கு முன் சொல்லிவிட்டாயாம். அம்மா கை கழுவிவிட்டு வந்து, "பாடு" என்றார்கள்.

"ஊழியத்துல பாடக் கூடாதுன்னு தலைமையம்மா..."

"இது எம் வீடு. உங்க தலைமையம்மா வீடில்ல. அன்னைக்குப் பெட்டி வாசப்படி தாண்டறப்ப நாலே பேர். ஒருத்தருக்கும் சரியா பாட வரல. அவரு பாட்ட அவரு கேட்டாரு, நா சந்தைக்குப் போயிருந்தேன், கேக்கல. பாடு."

பாடினேன். முதல் அடியில் குரல் உடைந்தது, மறுபடி தொடங்கினேன். இரண்டாவது அடியில் அம்மா சேர்ந்துகொண்டார்கள். அப்பாவின் அடிக்குரலை எடுத்தார்கள், தெம்வா. முப்பது வருசம் பக்கத்தில் நின்று கேட்டது அப்படியே இருந்தது.

கடைசி அடி முடியும்போது வெளியே காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஊர் வருகிறது. மண் அப்பிய கையோடு, வயலில் இருந்து அப்படியே. ஒவ்வொருவர் தலையிலும் விறகு. முதலில் நியாலுஹங்கா, மண்டாசிக் கூடையின் மேலே இரண்டு கட்டையை வைத்துக்கொண்டு. மூப்பர் ஹராவா மூச்சு வாங்க வந்தார். ஆற்றோரம் சிரித்தவளும் வந்தாள். இரண்டாவது தடவை நம்பாமல் விட்டதில் அவர்களும் சுட்டுக்கொண்டார்கள் போல. இந்தத் தடவை ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அம்மா வாசலில் போய் நின்றார்கள். அவர்கள் நிற்பதைப் பார்த்ததும் கூட்டம் அப்படியே நின்றது.

"யாரு போனது?" என்றார் மூப்பர்.

"யாரும் போகல."

"மறுபடியும் ஏமாத்தறீங்களா?" என்று ஒருவன் விறகைக் கீழே இறக்காமல் திரும்பினான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்.

"நில்லு" என்றார்கள் அம்மா. அவ்வளவு சத்தமாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. "எம் புருசன் போன வருசம் இதே நாள்ல செத்தாரு. அன்னைக்கு எம் பொண்ணு ஒன் வாசல்ல மழையில நின்னா. நீ வரல. இன்னைக்கு வந்திருக்க. எறக்கி வெச்சிட்டு உக்காரு."

மூப்பர்தான் முதலில் இறக்கினார். பிறகு ஒவ்வொருவராக. பக்கத்து வீட்டுக்காரன் கடைசியாக வந்து வைத்தான். கோடாலியைக் கேட்டு வாங்கி, யாரும் சொல்லாமலே பிளக்கத் தொடங்கினான். ஆம்பளைகள் முற்றத்தில் உட்கார்ந்தார்கள், பெண்கள் உள்ளே வந்தார்கள். அழுதார்கள். ஒரு வருசம் கழித்து, எல்லாருமாக, அப்பாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். சாயங்காலம் வரை யாரும் வயலுக்குப் போகவில்லை.

"அவளுக்கு எழுது. ஊர் வந்துச்சுன்னு எழுது" என்றார்கள் அம்மா. எழுதிவிட்டேன். எழுத வேண்டியது அதுதான், இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் உள்ளே வந்தபோது அம்மா பாயை விரித்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்கள். மகள் உட்கார வேண்டிய இடம். வேண்டாம் அம்மா என்றேன். "யாராவது உக்காரணும்ல" என்றார்கள். உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அம்மா கையைப் பிடித்துவிட்டு, அடுத்து என் கையைப் பிடித்து, "எங்கள மன்னிச்சிரு, மகளே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் விடாமல். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர்கள் உன்னிடம் கேட்டதை நான் வாங்கிக்கொண்டேன், தெம்வா. அது என் கையில்தான் இருக்கிறது. உன்னிடம் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை.

மலும்போ